ஜன்னலக்காவின் இடது கன்னம்

துணி பழுதுபார்க்கும் அந்தக் கடையில் ஜன்னலோர மெஷின் பதினேழு வருஷமாக ஒருத்திக்குத்தான். பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஜன்னலக்கா என்றால் தெரியும். கிழிசல் இருந்த இடமே தெரியாமல் இழை சேர்ப்பாள். முடித்ததும் துணியை இடது கன்னத்தில் வைத்து ஓர் இழுப்பு. விரல்கள்தான் காய்த்துப்போய்விட்டனவே, ஆனால் கன்னத்துக்குச் சின்ன முடிச்சுகூடத் தப்பாது.

அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி அதே கடையில் உள் மேஜையில் பட்டன் தைப்பவள். ரெண்டே வயசு இளையவள். போன மாசம் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்த ஒரு மகராசி அவளைக் காட்டி, "உங்க பொண்ணா?" என்று கேட்டுத் தொலைத்தாள். போதாதா? ஜன்னலக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வலது கன்னம் பளிச்சென்று இருக்கிறது, இடது கன்னத்தில் மங்கு படர்ந்து கிடக்கிறது.

மருந்துக்கடைப் பெண் ரெண்டு கன்னத்தையும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "வேலை செய்யறப்ப ஜன்னல் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். ஆனா நான் வெயில்லயே போறதில்லையேம்மா!"

"சுடுற கதிரைத்தான் கண்ணாடி தடுக்கும். கறுக்க வைக்கிறது உள்ள வந்துடும். சன்ஸ்கிரீன்ல எஸ்பிஎஃப் நம்பரை மட்டும் பார்க்காதீங்க, யூவிஏன்னும் போட்டிருக்கணும். மங்குக்கு இந்த நிறம் கலந்தது நல்லது. முகம், கழுத்துக்கு ரெண்டு விரல் நீளம் போதும்."

ரெண்டு விரலா? எரிச்சலில் மூணு விரல் பூசினாள். மறுநாளே வெள்ளைப் பட்டு கவுன் ஒன்றைத் தைத்து முடித்து, பழக்கதோஷத்தில் கன்னத்தில் வைத்து இழுத்தாள். பழுப்பாக ஒரு தீற்றல்!

நல்லவேளை, கறை போய்விட்டது. ஆனால் முதலாளியம்மா கறாராகச் சொன்னாள். "இந்தப் பூச்சு வேணும்னா உள் மேஜைக்குப் போங்க. ஜன்னல்ல உங்க தங்கச்சி உட்காரட்டும்."

உள் மேஜையிலிருந்து பார்த்தால் வெளிச்சமெல்லாம் அவள்மேல். நல்ல துணியெல்லாம் அவள் கையில். என் நாற்காலி, என் ஊசிப்பெட்டி, அவளுக்கா? பட்டன் தைக்கும்போது ரெண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள் ஜன்னலக்கா. கறுத்துப் போகட்டும், நல்லா கறுக்கட்டும் என்று மனசு கறுவியது.

மூணாம் நாள் அவளே ஒரு சட்டையோடு வந்து நின்றாள். "அக்கா, சரியா வந்திருக்கான்னு கன்னத்துல வச்சுப் பாருங்களேன். எனக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்குது."

ஜன்னலக்கா எழுந்து போய் வலது கன்னத்தை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். துணியை அதில் வைத்து இழுத்தாள். "நடுவுல முடிச்சு இருக்கு. பிரிச்சுடு."

"அந்தக் கன்னத்துக்கும் தெரியுதா!" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "பதினேழு வருஷமா இங்கேருந்து உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன்க்கா. அந்த வெளிச்சம், அந்த வேலை. எனக்கு எப்படி வயிறு எரியும் தெரியுமா?"

"என்னைப் பார்த்தா?" அப்படி ஒரு சந்தோஷம் ஜன்னலக்காவுக்கு அதுவரை வந்ததில்லை. நேராக முதலாளியம்மாவிடம் போய், "பூச்சு இடது பக்கம், துணி வலது பக்கம்" என்று சொல்லி, அன்றே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் அதே மகராசி வந்து, உள் மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஆமாங்க, என் பொண்ணுதான்" என்றாள் ஜன்னலக்கா, உள்ளே கேட்கும்படி. "இன்னும் தைக்கத்தான் வரல."