இருபத்தொரு மீட்டர்

ராயப்பேட்டை ஹபீபுர் ரஹ்மான் போன மார்ச்சில் இறந்தார். வயது அறுபத்து மூன்று. அதில் முப்பத்தொரு வருடம் அடையாற்றில் ஒரு தனியார் மைதானத்தில் கோடு போட்டார். சுண்ணாம்புத் தூள், கயிறு, டேப், இவ்வளவுதான் அவர் சாமான். பாய் போட்ட கோட்டை யாரும் திரும்ப அளந்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூர ஒரு மிதப்பு உண்டு.

அவருக்கு மிகப் பிடித்தது டெஸ்ட் நாள். பெண்கள் ஹாக்கி அணிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடற்தகுதித் தேர்வு நடக்கும். கோச்சுகள் அதன் அம்சங்களுக்கு இங்கிலீஷில் நீளநீளமாகப் பெயர் சொல்வார்கள். பாய் தனக்கென்று பெயர் வைத்திருந்தார். உட்கார்ந்து காலை நீட்டி, மரப்பெட்டி மேல் விரல் எதுவரை போகிறது என்று பார்ப்பது வளைவு. சாக்பீஸ் தடவிய விரலால் குதித்துச் சுவரைத் தொடுவது எகிறல். முப்பது மீட்டர் ஓட்டம் வேகம். கூம்புகளுக்கு நடுவே நெளிந்து ஓடுவது திருப்பம். கடைசியில் மூச்சு. எல்லாம் ஒருத்திக்கே வாய்க்காது என்பது அவர் கண்டறிந்தது. எகிறுகிறவளுக்கு வளையாது, வேகக்காரிக்கு மூச்சு தாங்காது. சண்டை போடாமல் ஐந்தும் ஒரே உடம்பில் குடியிருந்தால் அது அல்லாவின் கிருபை என்பார்.

மூச்சுக்கு பீப் டெஸ்ட். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஸ்பீக்கரில் பீப் அடிப்பதற்குள் எதிர்க் கோட்டைத் தொட வேண்டும். அடுத்த பீப்புக்குள் திரும்பி வர வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒரு லெவல் ஏறும், பீப்புகள் நெருங்கும். அடுத்தடுத்து இரண்டு முறை கோட்டைத் தொடாவிட்டால் வெளியே.

நான்கு வருடம் முன்பு, பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமை. மதுரையில் நடக்கும் பயிற்சி முகாமுக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல் மதியத்துக்குள் போயாக வேண்டும். பீப்பில் ஏழாவது லெவலை முடித்தவர்கள்தான் தகுதி. பதினாறு பேர் ஓடினார்கள். முடித்தவர்கள் மூன்றே பேர்.

கோச் ஷண்முகப்ரியா கத்தவில்லை, அதைவிட மோசமாகச் சிரித்தாள். வீடு வீடாகக் கரும்பு தின்று தூங்கி எழுந்து வந்திருக்கிறீர்கள் என்றாள். கோடம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பூஜா ஆறாவது லெவலைக்கூட முடிக்கவில்லை. முகாமுக்கான வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். ஷூ கயிற்றை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

பாய் தேர்வு முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தார். வளைவு எல்லோருக்கும் பழையபடி. எகிறலில் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். பெயிண்டில் நிரந்தரமாகப் போட்ட முப்பது மீட்டரில் வேகமும் குறையவில்லை. மூச்சு மட்டும் ஒவ்வொருத்திக்கும் ஏறக்குறைய ஒன்றரை லெவல் இறங்கியிருந்தது. ஒருத்தி கரும்பு தின்றிருக்கலாம். பதினாறு பேரும் ஒரே அளவாகவா தின்பார்கள்?

எழுந்து ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நடந்தார். இருபது மீட்டர் என்றால் அவர் நடைக்கு இருபத்தாறு எட்டு. அன்று இருபத்தேழு வந்தது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

பழைய டேப்பின் தலை உடைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் ஒன்று என்ற எண்ணைக் கோட்டில் வைத்துப் பிடிப்பார்கள். மறுமுனையில் பாய் இருபத்தொன்றில் சுண்ணாம்பு போடுவார். கணக்கு சரியாக இருக்கும். சனிக்கிழமை ஷண்முகப்ரியா புது டேப் வாங்கி வந்தாள். திங்கள் காலை அவள் பூஜ்யத்தில் பிடித்தாள். பாயின் கை வழக்கப்படி இருபத்தொன்றுக்குப் போனது. அவரவர் அளவில் இருவரும் செய்தது சரிதான்.

மணி பதினொன்றே கால். காலால் தேய்த்தால் அழிந்துவிடும் கோடு. அவர் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். இத்தனை வருடத்தில் யாரும் அளக்காத கோடு. பிறகு ஷண்முகப்ரியாவிடம் போனார்.

"மேடம், கோடு தப்பு. இருபத்தொண்ணு கீது."

"நீங்க போட்டதா பாய்?"

"நான் போட்டதுதான்."

அளந்தார்கள். சரியாக இருபத்தொன்று. அவள் முகம் விழுந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி ஓடவிடலாமா என்று கேட்டாள். ஓய்ந்த கால்களோடு ஓடினால் இன்னும் குறைவாகத்தான் வரும், இரண்டு நாளாவது விட வேண்டும் என்றார். அதற்கு மதுரையில் அவகாசம் கேட்க வேண்டும். காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அவள் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னன்னு எழுதுறது பாய்?"

"கோடு போட்டவன் தப்பா போட்டான்னு எழுதுங்க. பேரும் போடுங்க. இனிஷியல் வுட்டுடாதீங்க, எங்க ஏரியால இன்னொரு ஹபீபுர் ரஹ்மான் கீறான். பாவம், அவன் தலைல வுழும்."

அவள் சிரித்துவிட்டாள். எழுதினாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது தான் என்றும் சேர்த்து எழுதியிருந்தது பாய்க்குப் பின்னால்தான் தெரிந்தது. வியாழன் வரை அவகாசம் கிடைத்தது.

வியாழன் காலை ஷண்முகப்ரியா தனியாக அளந்தாள், பாய் தனியாக அளந்தார். இருவருக்கும் இருபது. தன் கோட்டை இன்னொருவர் அளந்தது அவருக்கு உறுத்தும் என்று நினைத்திருந்தார். உறுத்தவில்லை. தோள் லேசானது போலிருந்தது என்று வீட்டில் மகள் சிம்ராவிடம் சொன்னார்.

கோட்டருகே குந்தி உட்கார்ந்து பாதங்களைப் பார்ப்பது அவர் வேலை. ஏழாவது லெவலின் பாதியில் பூஜாவின் பாதம் கோட்டுக்கு இரண்டு விரல்கடை முன்னாலேயே திரும்பியது. பாய் கையைத் தூக்கினார். முதல் எச்சரிக்கை. அடுத்த முறையும் கை தூக்கினால் அவள் கதை முடிந்தது. அவள் அவரை முறைத்துக்கொண்டே ஓடினாள். அடுத்த கோட்டைத் தாண்டியே மிதித்தாள், அதற்கடுத்ததையும். லெவல் முடிந்து பீப் அடித்தபோது சுண்ணாம்பின் மேலேயே மல்லாந்து விழுந்தாள்.

அன்று ஏழை முடித்தவர்கள் பதின்மூன்று பேர். பன்னிரண்டு பேர் பட்டியலில் பூஜா இருந்தாள்.

அவளுக்கு அது போதவில்லை. பஸ் ஸ்டாப் வரை பாயோடு சண்டை போட்டுக்கொண்டே போனாள்.

"தொட்டேன் பாய்."

"தொடல."

"மேல இருந்து பாத்தா தெரியும்."

"நான் கீழ உக்காந்து பாத்தேன்."

மதுரை போனாள், வந்தாள், வேலைக்குச் சேர்ந்தாள். எங்கே பார்த்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதுதான் பேச்சு. அவரும் சலிக்காமல் தொடல என்பார். பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தொண்டையில் குழாய் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. சிம்ரா தலையணையை நிமிர்த்தி வைத்தாள். பூஜா கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "தொட்டேன் பாய்" என்றாள்.

அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். இரண்டு விரல்களைச் சேர்த்து, இவ்வளவு என்று காட்டினார்.