பன்னிரண்டே கால் மணிச் சங்கு

ஜெர்மனியின் ஐஃபல் மலைக் கிராமம். மழையில் பேருந்து நின்றுவிட, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் உணவுக்கடையில் ஒதுங்குகிறேன். கடைக்குப் பின்னால் பழைய எரிமலைச் சாம்பல் சரிவு ஊறிக்கொண்டிருக்கிறது.

"இந்த மழைக்குச் சாம்பல் சேறாகி இறங்கும், அண்ணா. எதிர்மேட்டுக்குப் போயிடலாம்."

"எரிமலை எப்பவோ செத்துப்போச்சு, பிள்ளை. ஆர் சொன்னது உங்களுக்கு?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எரிமலைச் சேற்றில் முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறேன். அதை அவரிடம் பெருமையாகவே சொல்கிறேன். அவர் உருளைக்கிழங்கு பொரிக்கிறார்.

அபாயச் சங்கு ஊதுகிறது.

"பயப்பிடாதேங்கோ. சனிக்கிழமை பன்னிரண்டுக்கு ஊதிப் பாக்கிறவங்கள்."

"மணி பன்னிரண்டே கால், அண்ணா."

ஜெர்மனியில் ஒத்திகை ஒரு நிமிடமும் பிந்தாது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் பாய்கிறார்.

"என்ன பிள்ளை நிக்கிறியள்? சேறு வரப்போகுது, ஏறுங்கோ!" என்று எனக்கே எடுத்துச் சொல்கிறார்.