இரண்டு முறை செத்த ஜெபகுமார்

ஜெபகுமாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அவன் மனைவி ஷெர்லின் கேட்டார். நல்லதாக மட்டும் எழுதினால் அது அவனைப் பற்றியதாக இருக்காதே என்றேன். அப்படியென்றால் நடந்ததை எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன். நான் தசரதன். படப்பையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். பதினேழு வருஷம் அவன் எச்சில் தெறித்த மைக்கைத் துடைத்தவன்.

ஜெபகுமாருக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. மணிமங்கலம் அணிக்கு இடது ஓரத்தில் கால்பந்து ஆடினான். வேகம் இருந்தது. பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கிற பழக்கம் மட்டும் இல்லை. ஒன்று கோல் விழும், இல்லையென்றால் பந்தோடு கார்னர் கொடியில் போய் முட்டிக்கொண்டு நிற்பான். இருபத்தாறு வயதில் மறைமலை நகர்க்காரர்களோடு ஆடியபோது முட்டி திரும்பிவிட்டது. இனி மைதானம் பக்கமே போகாதே என்றார் டாக்டர். நாலாவது மாசம் கைத்தடியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், சாவி கிடைத்திருக்கிறது என்று சொல்வதற்காக நான் வைத்திருந்த மைக்கைக் கொஞ்சம் கொடு என்றான். அன்றைக்கு வாங்கியவன் அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் திருப்பித் தரவில்லை.

முதலில் கேபிள் சேனல், பிறகு யூடியூப் லைவ். கோல்கீப்பர் பந்தைக் கோட்டைவிட்டால், தம்பி கேட்டைத் திறந்து போட்டுவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டார் என்பான். ரெஃப்ரி தப்பாக விசில் ஊதினால், கூட்டத்தில் கண் டாக்டர் யாராவது இருந்தால் உடனே மைதானத்துக்கு வரவும் என்று அறிவிப்பான். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தெற்கத்திப் பையன்கள், ஒரகடம் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. ஊரில் அவர்கள் அம்மாக்கள் மகன் முகத்தைப் பார்ப்பதற்காகவே லைவைத் திறப்பார்கள். அது இவனுக்கும் தெரியும். உங்கள் பையன் நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஓடத்தான் மாட்டேன் என்கிறான் என்று வர்ணனைக்கு நடுவே சேதி அனுப்புவான்.

அந்தப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் வேலை இருக்கும். பந்து விளையாட வேண்டும் என்று சொன்னால் எந்தக் கம்பெனியில் லீவு கொடுப்பார்கள்? ஆகவே லீவுக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பது ஜெபகுமாரின் இரண்டாவது தொழிலாகிவிட்டது. முதலில் காய்ச்சல், அடுத்து வயிற்றுப்போக்கு, அதற்கப்புறம் சாவு. சாவிலும் ஒரு வரிசை வைத்திருந்தான். தூரத்துச் சொந்தத்தில் ஆரம்பித்துத்தான் மெதுவாகக் கிட்டே வரவேண்டும், அவசரப்பட்டுப் பெரியப்பாவில் கை வைத்துவிடக் கூடாது என்பான்.

இசக்கிதுரை அவசரப்பட்டவன். சாத்தான்குளம் பக்கத்துப் பையன், கார் சீட் தயாரிக்கும் கம்பெனியில் வேலை, எங்கள் அணியின் சென்டர் ஃபார்வர்டு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு ஷெர்லின் கையால்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செமிஃபைனல் வந்தபோது பெரியப்பா, மாமா, அத்தை எல்லோரையும் தீர்த்துவிட்டு வந்து நின்றான். அம்மாவை மட்டும் சொல்ல மாட்டேன் என்று கண் கலங்கினான்.

"இன்னாத்துக்குடா அம்மாவ இழுக்கற? நான் கீறேன்ல. அண்ணன் ஜெபகுமார் செத்துட்டான்னு எழுது" என்றான் ஜெபகுமார்.

ஷெர்லின் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷி. அவர் அன்றைக்குக் கிழித்த கிழியை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. ஆனால் லீவு கிடைத்துவிட்டது. செமிஃபைனல் அன்று ஆட்டம் தொடங்கும் முன், நமது ஃபார்வர்டின் அண்ணன் மறைவுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்று அறிவித்தவனே அந்தச் செத்துப்போன அண்ணன்தான். இசக்கிதுரை பனியனைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு கோல் போட்டான்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ குடித்துக்கொண்டிருந்த ஜெபகுமார் நெஞ்சைப் பிடித்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னால் உயிர் போய்விட்டது. நாற்பத்து மூன்று வயது. எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். இசக்கிதுரைக்கு இரண்டு மணி ஷிப்ட். பர்மனென்ட் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாசம் வேறு. முப்பது பேரில் எட்டுப் பேருக்குத்தான் இடம். பெயர் எழுதுகிறவர் அவனுடைய லைன் சூப்பர்வைசர் பெருமாள்சாமி. செத்தவனையே மறுபடி சாகடித்து லீவு கேட்டால் பட்டியலை மறந்துவிட வேண்டியதுதான். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வாடா என்று போனில் நானே சொன்னேன். கெட்ட வார்த்தை சேர்த்துத்தான் சொன்னேன்.

"காய்ச்சல்னு சொல்லிட்டு வந்து அண்ணனுக்கு மண்ணு போட முடியாதுண்ணே. உள்ளதச் சொல்லுதேன். வேல போனா போவுது" என்றான்.

போய்ச் சொல்லியும்விட்டான். பெருமாள்சாமி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, இதே ஜெபகுமார் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செத்துவிட்டாரே என்று கேட்டிருக்கிறார். அது பொய், இது நிஜம் என்று சொல்லியிருக்கிறான் இவன். உடன்பிறந்தவர் செத்தால்தான் மூன்று நாள் லீவு, மற்றவருக்கெல்லாம் கிடையாது என்றிருக்கிறார் அவர். இவன் நகரவில்லை. அவர் லைனை வேறொருவரிடம் ஒப்படைத்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வண்டியில் ஏறு, நானே வந்து பார்க்கிறேன் என்றாராம்.

இங்கே கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அஞ்சு நிமிஷம் என்று நான் மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை சொல்வதற்குள் வண்டி வந்தது. பின்னால் யூனிபாரத்தோடு இசக்கிதுரை. பெருமாள்சாமி நேராகப் பெட்டியருகே போய் உள்ளே எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஷெர்லினிடம் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கேக்க வேண்டியிருக்கு. இந்தப் பையன் உங்களுக்கு என்ன வேணும்?"

ஷெர்லினைப் போய் இதைக் கேட்கிறாரே மனுஷன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிற பையன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டால் லீவும் போச்சு, வேலையும் போச்சு. இசக்கிதுரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"என் கொழுந்தன் சார். இவனுக்காகத்தான் இன்னும் பொட்டிய மூடாம வச்சிகினு இருக்கோம்" என்றார் ஷெர்லின்.

பொய் சொல்கிற முகமாக அது எனக்குத் தெரியவில்லை. பெருமாள்சாமிக்கும் தெரிந்திருக்காது. மூன்று நாள் எடுத்துக்கொள் என்று இசக்கிதுரையிடம் சொன்னார். பழைய சாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குடும்பத்தார் மண் போடலாம் என்று பாஸ்டர் கூப்பிட்டபோது ஷெர்லினுக்கு அடுத்து இசக்கிதுரை போட்டான். அவனால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் தூக்கி நிறுத்தினேன். நானும் அழுதேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

மார்ச்சில் பட்டியல் வந்தது. ஏழாவது பெயர் அவனுடையது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று பாரத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில், ஷெர்லின், அண்ணி, சேரப்பணஞ்சேரி என்று எழுதிக்கொண்டு வந்து ஷெர்லினிடம் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். போன் நம்பரில் ஒன்று தப்பாக இருக்கிறது என்று சொல்லி, பேனாவை வாங்கித் திருத்திக் கொடுத்தார்.