மதினியின் மூச்சு

அந்தப் பெட்டியின் முகப்பில் இருந்த முள் மற்ற முட்களைப் போல முன்னால் ஓடாது, பின்னால்தான் ஓடும். பாடுகிறவர் குரல் உயர உயர அது இடப்பக்கமாகச் சாயும். குரல் எவ்வளவு உயர்ந்தது என்பதை அது காட்டுவதில்லை. உயர்ந்த குரலைப் பெட்டி எவ்வளவு அமுக்கியது என்பதைத்தான் காட்டும். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ரேடியோ ரிப்பேர் செய்கிறவன் என்பதால் ஊரில் என்னைத் தைரியசாலி என்று நினைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஷாக் அடிக்கும் என்று வேர்த்து விறுவிறுத்துத்தான் உள்ளே கை விடுவேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது மின்சாரத்துக்கு அல்ல. அந்தப் பெட்டி ஒரு மதிய நேரத்தில் எனக்குக் கேட்கக் கொடுத்த ஒரு சின்னச் சத்தத்துக்கு.

எண்பதுகளில் தேனியில் ஒரு குழாய்ச் சாமான் கடையின் மாடியில் ரெக்கார்டிங் அறை வைத்திருந்தேன். சுவரெல்லாம் சாக்கும் தேங்காய் நார்ப் பாயும் அடித்து, ஜன்னலைப் பஞ்சு மெத்தையால் அடைத்த அறை. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஆத்தா பாட்டு, உபவாசக் கூட்டத்துக்கு ஜெபப் பாட்டு, ஜவுளிக்கடைக்கு விளம்பரம் என்று எது வந்தாலும் கேசட்டில் பிடித்துக் கொடுப்பேன். கடைகள் சாப்பாட்டுக்கு ஷட்டர் இறக்கும் மதிய வேளையில்தான் பதிவு. தெரு அப்போதுதான் கொஞ்சம் வாயை மூடும். எங்கள் பக்கத்துப் பாடகர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. பல்லவியை யாருக்கும் கேட்காமல் முனகுவார்கள், சரணத்தில் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடுவார்கள். முனகலுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்தால் சரணத்தில் டேப் கிழிந்ததுபோல இரையும். அதற்காகத்தான் மெட்ராஸில் நான் உதவியாளாக இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் கழித்துக் கட்டிய ஒரு கம்ப்ரசரை, குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் அந்தப் பெட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். "ஏலே, பஞ்சர் கடையில காத்தடிக்க வச்சிருக்கானே, அதையா மெட்ராஸ்ல போய் வாங்கிட்டு வந்த?" என்று அண்ணன் கேட்டதை உறவு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அண்ணன் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரி. அவர் மனைவி, என் மதினி, எங்கள் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் முதல் குரல். மெலிந்த உடம்பு, சிரித்த முகம். அவருக்குள் இருந்து அப்படி ஒரு குரல் எப்படி வருகிறது என்று புதிதாகக் கோயிலுக்கு வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணமாகி வெகு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் உண்டாகியிருந்தார். கண்பட்டுவிடும் என்று வீட்டில் யாரும் வெளியே வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கிறிஸ்துமஸ் பாட்டுகளைக் கேசட்டாகப் போட வேண்டும் என்று போதகர் ஆசைப்பட்டார். மதினிதான் பாட வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. அவர் இரண்டு மதியம் வந்து பாடி முடித்தார். ஆர்மோனியம் ஒரு தடத்தில், தபலா ஒரு தடத்தில், மதினி குரல் தனியாக ஒரு தடத்தில். பாடும்போது நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. நன்றாகப் பாடினார், அவ்வளவுதான்.

எல்லாத் தடங்களையும் சேர்த்துக் கலக்க உட்கார்ந்தபோது மதினி குரலைப் பெட்டி வழியாக விட்டேன். கம்ப்ரசரைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. அது அமுக்கும் யந்திரம் என்று. பாதிதான் உண்மை. உயர்ந்ததை அது கீழே இறக்கும். இறக்கிய பிறகு மொத்தச் சத்தத்தையும் நாம் கூட்டுவோம். அப்போது அதுவரை அடியில் கிடந்த சின்னச் சத்தங்களெல்லாம் குரலுக்குச் சமமாக எழுந்து வந்து நிற்கும்: எச்சில் விழுங்குவது, வளையல் உரசுவது, மூச்சு. பெரிய மனுஷன் குனிந்தால் பின்னால் நிற்கிற பிள்ளை தெரிவதுபோல. அன்று எனக்குத் தெரிந்தது மதினியின் மூச்சு. ஒவ்வொரு வரிக்கும் இடையில் அது இரண்டாக உடைந்திருந்தது. முதலில் அவசரமாக ஓர் இழுப்பு, அது போதாமல் இன்னொன்று. இரண்டாவதன் கடைசியில், கொதிக்கத் தொடங்கும் உலைத் தண்ணீர் மாதிரி மெல்லிய இரைச்சல்.

முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். ஒயரை மாற்றினேன், ஹெட்டைத் துடைத்தேன், வேறு டேப்பைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் போகவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. ஏன் வந்தது என்று அன்றே நொந்துகொண்டேன். முந்தைய வருஷம் ஆராதனைக்காக மதினி பாடிய டேப் என்னிடம் இருந்தது. அதையும் அதே பெட்டியில், அதே அளவில் விட்டேன். குரல் எழுந்தது, முள் பின்னால் சாய்ந்தது, வரி முடிந்து மூச்சு வந்தது. ஒரே மூச்சு. சுத்தமான, நீளமான மூச்சு. பழுது மெஷினில் இல்லை.

ஒரு சரணத்தைத் திரும்பப் பாட வேண்டும் என்று பொய் சொல்லி மதினியை வரவழைத்தேன். மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வெகுநேரம் பேச்சு வரவில்லை. கேட்டதற்கு, "மாடி ஏறி வந்தேன்ல தம்பி. பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு வாங்கத்தான செய்யும்" என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "போன வருஷமும் இதே மாடிதான ஏறுனீக மதினி" என்று சொல்லி, இரண்டு டேப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சபையில் ஆர்கன் ஓங்கி வாசிக்கிற இடமாகப் பார்த்து மூச்சு விடுவாராம். அதனால் யாருக்கும் கேட்டதில்லையாம்.

"படுத்தா அடைக்குது தம்பி. தலையணைய அடுக்கி, சாஞ்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். உங்க அண்ணன்கிட்ட நெஞ்செரிச்சல்னு சொல்லி வச்சிருக்கேன். பாவம், அவுக தினமும் ஏலக்காயத் தட்டிப் போட்டு வெந்நி வச்சுத் தாராக." பிறந்த ஊரான தேவாரத்தில் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிக் கிடந்தாராம். இருதயத்தில் கோளாறு, பிள்ளைப்பேறு தாங்காது என்று அன்றே ஒரு டாக்டர் சொன்னாராம். அதை மறைத்துத்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனா இதக் கலைக்கச் சொல்லுவாக. இத்தன வருசத்துக்கு அப்புறம் கெடச்சது தம்பி. அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராதீக." எழுந்தவர் பெட்டியைப் பார்த்தார். "எல்லாத்தையும் அமுக்குற பெட்டிதான இது? என் மூச்சையும் சேத்து அமுக்கிருங்க." அமுக்காது மதினி, தூக்கித்தான் காட்டும் என்று சொல்லாமல் பெட்டியை அணைத்தேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து டேப்பின் முன்னால் உட்கார்ந்தேன். சொன்னால் பிள்ளை போகும். சொல்லாவிட்டால் மதினியே போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சாவு நின்றது, நடுவில் என் நாக்கு. மறுநாள் காலை கேசட்டோடு போடிக்குப் போனேன். கடையில் அண்ணன் ஏலக்காயைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "சினிமாக்காரியெல்லாம் இவகிட்டப் பிச்சை வாங்கணும்டா" என்றார். அவர் காதில் குரல் மட்டும்தான் விழுந்தது. பாட்டில்லாமல் மூச்சுகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்திருந்த மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.

"ஏலே, இதென்ன, ஒம்மெஷின் இரையுது?"

"மெஷின் இல்லண்ணே. மதினி."

எல்லாவற்றையும் சொன்னேன். அதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் தலையணை என்றதும் அவர் கை நின்றது. தராசுத் தட்டில் சரக்கு கிடக்க, கடையைத் திறந்துபோட்டபடியே வீட்டுக்கு நடந்தார்.

வாடகைக் காரில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. கார்க் கதவைச் சாத்தப் போனேன். "சொல்லிட்டீகள்ல," என்றார். "மூச்சையாவது எடுத்துருங்க. சபையில யாருக்கும் கேக்கக் கூடாது." ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள் அவருக்கு மிகவும் முடியாமல் போய்விட்டதாகப் பிறகு அண்ணன் சொன்னார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். குறுகிப்போன இருதய வால்வை விரித்துவிட ஆபரேஷன் என்று முடிவானது.

ஆபரேஷன் நாளன்று, கேட்டுக்கொண்டாரே என்று நான் மூச்சை எடுக்க உட்கார்ந்தேன். இன்றைக்கு கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லா மூச்சும் காணாமல் போகிறது. பையன்கள் டீ குடித்துக்கொண்டே செய்கிறார்கள். அன்று கையால்தான் செய்ய வேண்டும். டேப் ஓட ஓட, வரி முடிகிற இடத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தானைச் சட்டென்று கீழே இறக்கி, அடுத்த வரி தொடங்குமுன் மேலே ஏற்ற வேண்டும். மூல டேப்பில் மூச்சு அப்படியே இருக்கும். கேசட்டுக்குப் போகிற பிரதியில் இராது. முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு நினைப்பு பிடித்துக்கொண்டது. அங்கே அவர் ஆபரேஷன் மேஜையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். இங்கே நான் அவருடைய மூச்சை ஒவ்வொன்றாக என் விரலால் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். முட்டாள்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? விரல் வழுக்குகிற அளவுக்கு வேர்த்தது. கீழே கடையில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில் என்னால் முடியவில்லை. பித்தானில் இருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த ஒரு மூச்சு மட்டும் கேசட்டில் ஏறிவிட்டது.

சாயங்காலம் அண்ணன் போனில் பேசினார். "பிள்ள தங்கலடா. ஒம் மதினி இருக்கா."

கேசட் கிறிஸ்துமசுக்கு வந்தது. "மூச்சே விடாமப் பாடியிருக்காகளே" என்று சபையில் வியந்தார்கள். மதினி மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருந்துவிடுவாரோ என்ற பயத்தில் போடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவரே சொல்லி அனுப்பினார். போனேன். கேசட் அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிச் சரணம் வந்தது, அந்த மூச்சும் வந்தது. நிறுத்தினார்.

"இத ஏன் விட்டீக?"

"பயமா இருந்துச்சு மதினி."

பின்னால் ஓட்டி அதை மட்டும் இன்னொரு தரம் கேட்டார். பிறகும் ஒரு தரம். "இது என் ஒருத்தி மூச்சு இல்லையே தம்பி," என்றார். "ரெண்டு பேரு மூச்சு. அவன் இருந்ததுக்கு வேற என்ன இருக்கு எங்கிட்ட? மத்ததெல்லாம் போயிருச்சா?"

"போகல மதினி. மூல டேப்ல இருக்கு."

போட்டுக் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும், பலகாரத் தட்டை என் கையில் கொடுக்கும்போது, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஒன்று கேட்பார். "அது நல்லா இருக்கா தம்பி?"

"நல்லா இருக்கு மதினி" என்பேன். இத்தனை வருஷத்தில் மூல டேப் கெட்டுப்போயிருக்குமோ என்று, அது இருக்கும் டப்பாவைத் திறந்து பார்க்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.