மாதம்மாள் நடத்திய சந்தைத் தேர்வு

தொப்பூர்க் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதால், சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஜீப் சாலையோரக் கடை ஒன்றில் ஒதுங்கியிருந்தது. தேநீரைக் கையில் வாங்கியபோது அலுவலகக் கண்காணிப்பாளர் அழைத்தார். "சார், மாதம்மா மேடம் போயிட்டாங்க சார்." எங்கே போனார் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவர் அழுவது காதில் விழுந்தது. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டாராம். நானும் அவரும் ஒன்றாக வேலையில் சேர்ந்தவர்கள், ஒரே வருடத்தில் ஓய்வுபெற இருந்தவர்கள். இதிலும் இந்தம்மா முந்திக்கொண்டாரே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. படிக்கிற உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் மாதம்மாளை அறிந்த எல்லோருக்கும் என்னையும் தெரியும், அதனால் இந்த அஞ்சலியைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

தொழில் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ஒரே நிலை அதிகாரிகள். ஒரே அறை, எதிரெதிர் மேசை. அன்று மதியம் இண்டூரில் அவர் வீட்டு வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. லேத் பட்டறைக்காரர்கள், புளி தட்டும் பெண்கள், வத்தல்மலையிலிருந்து வண்டி பிடித்து வந்த விவசாயிகள், கல்லூரிப் பிள்ளைகள். ஓர் அரசு அதிகாரி செத்ததற்கு ஊரே அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் போனால் யார் வருவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. ஊழியர் சங்கத்திலிருந்து ஒரு மாலை கட்டாயம் வரும். அதற்குமேல் யாரும் நினைவுக்கு வரவில்லை.

கண்காணிப்பாளர் அங்கேயே என் காதோரம் வந்து, "வர்ற வாரம் சென்னை கூட்டத்துக்கு மேடந்தான போறதா இருந்தது, இப்ப யாருங்க சார்?" என்றார். விஷயம் இதுதான். புதியதாக ஒன்றைச் செய்து பார்ப்பவர்களைத் தேடிப்பிடித்து நிதி கொடுக்க அரசு வைத்திருக்கும் புத்தாக்கக் கொள்கையைத் திருத்தப்போகிறார்கள். யாருக்கு நிதி என்பதற்கு இனிமேல் எல்லா மாவட்டத்துக்கும் கணினி வழித் தேர்வு மட்டும்தான் என்று வரைவு வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காவிட்டால், மாதம்மாள் இத்தனை வருடம் கட்டிக் காத்த சந்தைத் தேர்வு அத்தோடு சரி.

சந்தைத் தேர்வு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். திட்டம் தொடங்கிய வருடம் வழிகாட்டுக் குறிப்பு எழுதியவன் நான். புதுமைக்கு இத்தனை மதிப்பெண், சந்தை வாய்ப்புக்கு இத்தனை மதிப்பெண் என்று பிரித்து, நல்ல தமிழில், ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தேன். கலெக்டரே பாராட்டினார். மாதம்மாள் அதை முழுவதும் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க சார். ஆனா இதுல மார்க் வாங்கப்போறது மெஷினுங்களா, பேச்சுங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வடையையும் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதுபோலவேதான் நடந்தது. வாயுள்ளவர்கள் நிதி வாங்கினார்கள், பல இயந்திரங்கள் ஷெட்டில் துருப்பிடித்தன.

அடுத்த முறை அவர் தேர்வைக் கம்பைநல்லூர் சந்தைக்குக் கொண்டுபோனார். விதி இரண்டே. யாருக்காகச் செய்ததோ அவர்கள் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். செய்தவர் கை அதன்மேல் படவே கூடாது, தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் சிரித்தேன். அரசாங்கக் குழு கத்தரிக்காய்க் கூறுக்கு நடுவிலா உட்காரும் என்று கேட்டேன். "கத்தரிக்காய்க்காரம்மா நம்மள விட நல்லா கேள்வி கேக்கும் சார், வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நான் ஆதரித்தது ஒரு கல்லூரிக் குழு செய்த கருவி. வயலில் இருக்கும் ஈரத்தைக் கைபேசிக்குச் சொல்லும். சந்தையில் பிசகே இல்லாமல் வேலை செய்தது. "சூப்பருங்க" என்று கைதட்டிவிட்டு எல்லோரும் வெங்காயம் வாங்கப் போய்விட்டார்கள். அடுத்தது கோவிந்தன் என்ற பட்டறைக்காரரின் புளிக்கொட்டை எடுக்கும் இயந்திரம். புளி தட்டும் பெண் ஒருவர் பிசுபிசுவென்று இருந்த புளியை அள்ளிப் போட்டார். கடகடவென்று இரண்டு சுற்று, அப்புறம் ஒரே முனகல், நின்றேவிட்டது. கோவிந்தன் பதறி எழுந்தார். "கோவிந்தண்ணா, ஒக்காருங்க. கை வெச்சீங்க, மார்க் போச்சு" என்று மாதம்மாள் ஒரு அதட்டு அதட்டினார். பாவம், அந்த மனுஷன் முகம் செத்துப்போயிற்று.

ஆனால் பெண்கள் விடவில்லை. "ஏங்ண்ணா, வாயி இத்துனூண்டு வெச்சா எப்புடி உள்ள போவும்?" என்றார் ஒருவர். "கொட்டை ஒடைஞ்சு தூளாவுது, இந்தப் புளிய எவன் வாங்குவான்?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கோவிந்தனின் நாற்காலிக்கே போய், "நாளைக்கு இத எங்க வூட்டுக்கு எடுத்தாங்க. எங்க சிக்குதுன்னு நான் காட்டறேன்" என்றார். வெயில் ஏறியும் அந்தச் சத்தம் அடங்கவில்லை.

குழு கூடியபோது நான் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லார் கண்ணெதிரே நின்றுபோன இயந்திரத்துக்கா அரசு நிதி, தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். மாதம்மாள் பந்தலுக்கு வெளியே கையைக் காட்டினார். "சார், நல்லா இருக்குன்னு சொன்னவங்க போயிட்டாங்க. திட்டுனவங்க இன்னும் நிக்கறாங்க, பாருங்க." நிதி கோவிந்தனுக்குப் போயிற்று. இன்று நம் மாவட்டத்தில் புளி தட்டும் குழுக்கள் பல அவருடைய இயந்திரத்தில்தான் வேலை பார்க்கின்றன. அத்தனை புத்தகம் படித்த எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று அன்றிரவு மனைவியிடம் எரிந்து விழுந்தேன். "அந்தம்மா கெட்டிக்காரி, அதுக்கு எம்மேல ஏன் பாயறீங்க?" என்று அவரும் தன் பங்குக்குப் புண்ணில் உப்பைத் தடவினார்.

சந்தைத் தேர்வு எப்போதும் ஜெயித்தது என்று அஞ்சலியில் எழுதிவைத்தால் அது பொய். வத்தல்மலைக்காரர் ஒருவர் செய்த சாமை உமி நீக்கும் இயந்திரத்தையும் சந்தையில் அப்படித்தான் திட்டித் தீர்த்தார்கள், மாதம்மாளும் அப்படித்தான் நிதி வாங்கிக் கொடுத்தார். அது கடைசிவரை உருப்படவில்லை. தணிக்கை அதிகாரி வந்து உட்கார்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மாட்டிக்கொண்டார், இன்றைக்கு என்ன சொல்லப்போகிறார் பார்ப்போம் என்று காதைத் தீட்டிக்கொண்டு எதிர் மேசையில் இருந்தேன். மாதம்மாள் அசரவில்லை. "நாம குடுத்தது அத்தனையும் ஜெயிச்சிருந்தா, நாம புதுசா எதையும் தேடலன்னு அர்த்தங்க சார். ஏற்கனவே ஜெயிச்சதுக்குப் பணம் குடுக்க பேங்க் இருக்குதே, நாம எதுக்கு?" என்றார். தணிக்கை அதிகாரி பேனாவை மூடினார். அடப்பாவி, இந்த வாக்கியத்தை நானல்லவா எழுதியிருக்க வேண்டும்! முப்பது பக்கக் குறிப்பில் நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு அந்த அம்மாள் வெற்றிலையை மென்றபடி ஒரே எட்டில் போய்விட்டார்.

இதற்கு நடுவே அவருடைய அறிக்கைகளைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான். ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒற்று, முடியாத வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி. "சார், கொஞ்சம் இஸ்திரி போட்டுக் குடுங்க" என்று தாள்களை என் மேசையில் போடுவார். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்ததைப் படித்துவிட்டு மேலிடம் அவரைப் பாராட்டும். அவர் அதை அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லி, "அழகெல்லாம் சாரோடது" என்பார். அதுகூட எனக்குப் பிடிக்காது. சரக்கு அவருடையது என்பதைத்தான் அந்தச் சொல் இன்னும் உரக்கச் சொல்லும்.

சென்னைக்கு நான்தான் போனேன். வேறு யார் இருக்கிறார்கள்? நீண்ட மேசை, ஏசிக் குளிர், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். கணினியில் ஒரே நாளில் மாநிலம் முழுவதும் தேர்வை முடித்துவிடலாம் என்று ஓர் இளம் அதிகாரி படம் போட்டுக் காட்டினார். தவறாகவும் சொல்லவில்லை, வேகம் வேண்டும்தான். என் முறை வந்ததும் எழுந்தேன். கம்பைநல்லூரில் நின்றுபோன இயந்திரத்தைச் சொன்னேன், திட்டியவர்களைச் சொன்னேன், உருப்படாத சாமை இயந்திரத்தையும் மறைக்காமல் சொன்னேன். பேசப் பேச எனக்கே வியப்பாக இருந்தது. எந்த முறையைப் பார்த்து இத்தனை வருடம் புகைந்தேனோ, அதன் ஒவ்வொரு திருகும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. பொறாமைக்காரனைப் போல யாரும் அக்கறையாகக் கவனித்திருக்க முடியாது.

கடைசியில் ஒரு வரி ஒப்புக்கொண்டார்கள். விரும்பும் மாவட்டங்கள், பயன்படுத்துவோர் முன்னிலையில் களத்தேர்வு நடத்திக்கொள்ளலாம். ஒரே வரிதான், ஆனாலும் கொள்கையில் ஏறிவிட்டது. வெளியே வரும்போது செயலாளர் என் தோளில் தட்டினார். "பிரமாதமான ஐடியா சார். உங்களோடதா?"

யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று இத்தனை வருடம் நான் ஏங்கிய கேள்வி அது. ஆமாம் என்றால் போதும், மறுக்க மாதம்மாள் இல்லை. "இல்லீங்க சார். பேரு மாதம்மாள். இண்டூர்க்காரங்க" என்றேன். சொல்லும்போதே வயிறு பற்றி எரிந்தது.

பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதை என்னுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தால், அந்த அம்மாளிடம் பொறாமைப்பட எனக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது. எதிர் மேசை காலியான பிறகு அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த எரிச்சல் ஒன்றுதான். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.