வேலிக்கு அப்பால் காய்த்த புடோலங்காய்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்த வீட்டு வளவுப் புடோலங்காயின் மேல் பொறாமைப்பட்டு, என் தோட்டத்தை என் கையாலேயே கருக்கிய மடையன் நான். அதுவும் தலைமுறை தலைமுறையாகத் தீவில் மண் கொத்திய குடும்பத்தில் வந்து பிறந்த மடையன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வேலணையில் இருந்தோம். சண்டையால் மண்டைதீவுப் பாதை அடிக்கடி பூட்டுப்பட்டதால் பட்டணத்து மரக்கறி வரும் என்று நிச்சயமில்லை. எல்லா வளவுகளிலும் ஏதோ ஒன்று கொடியேறத் தொடங்கியது. நானும் கந்தோர் வேலை முடிந்து வந்து சாரத்தை மடித்துக் கட்டினேன். கத்தரி, பயிற்றை, ஒரு புடோல் பந்தல்.

பக்கத்து வளவுக்காரர் கடற்றொழில் செய்பவர், வேதக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். விடியக் கரைக்கு வந்து, வலையைக் காயவிட்டபின் பொழுது போகாமல் தோட்டம் செய்கிறவர். பொழுது போகாமல்! அதுதான் என் வயிற்றை எரித்தது. விதைகூட என் மனைவி கொடுத்ததுதான். ஒரே பொட்டலத்தில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. தை மாதம் ஒரே கிழமையில் போட்டோம். பங்குனி பிறந்தபோது அவருடைய பந்தலில் புடோலங்காய்கள் நுனியில் கல்லுக் கட்டி நேராக நீண்டு தொங்கின. என்னுடையதில் பூ வந்தது, பூ விழுந்தது. ஒரேயொரு காய்தான் நின்றது. அதுவும் கேள்விக்குறிபோல வளைந்து, ஏன் பிறந்தோம் என்று என்னையே கேட்டுக்கொண்டு நின்றது.

மனைவி ஒரு நாள் வேலிக்கரையிலிருந்து சுளகு நிறையக் காயோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, அண்ணையின்ரை கத்தரிக்காயைப் பாருங்கோவன். என்ன மினுக்கம்!"

"எண்ணெய் பூசியிருப்பார்."

"அப்ப உங்கடைக்கும் பூசுங்கோ. ஆனா பூசுறதுக்கு ஒரு காய் வேணுமெல்லோ."

அந்தச் சூட்டில்தான் வாயை விட்டேன். வருஷப்பிறப்பன்று எங்கள் இலையில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு காயும் விழாது, எல்லாம் என் தோட்டத்துக் காய்தான் என்று சத்தியம் பண்ணிவிட்டேன். மனைவி சிரித்தாள். இன்னும் பதினேழு நாள் இருந்தது.

அன்று முதல் கிடுகு வேலியில் ஓர் ஓட்டைதான் எனக்கு இருப்பிடம். பல் விளக்குவதும் அங்கேதான். மூன்றாம் நாள் ஆளைப் பிடித்தேன். அண்ணை பின்வளவிலிருந்து ஒரு கடகத்தில் எதையோ கொண்டுவந்து கத்தரியின் அடியில் பரப்பினார். கறுத்துக் கிடந்தாலும் எனக்குத் தெரியாதா? சாதாளை! கரையில் கேட்பாரற்று ஒதுங்கும் கடற்பாசி. இவ்வளவுதானா இரகசியம்?

பின்னேரமே சைக்கிளில் கரைக்குப் போனேன். இரண்டு சாக்கு நிறைய அள்ளிக் கரியரில் கட்டி, முதுகெல்லாம் கடல்தண்ணீர் வழிய வந்தேன். வழியில் கேட்டவர்களுக்கு "மாட்டுக்கு" என்றேன். எங்களிடம் மாடு இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் ஒரு கடகம் போட்டால் நான் குறைந்தவனா? ஒவ்வொரு கன்றுக்கும் மெத்தையே விரித்தேன்.

நாலு நாளில் இலைகளின் ஓரம் கருகியது. கத்தரி தலையைத் தொங்கப் போட்டது. இதிலிருந்து நான் கண்டறிந்த உண்மை என்ன தெரியுமா? கண்ணூறு! அண்ணையின் கண்! பொழுதெல்லாம் வேலி ஓட்டையில் கண்ணை வைத்திருந்தவன் நான்; கண்ணூறு பட்டது என் தோட்டத்துக்காம். உடைந்த பானையொன்றுக்குச் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வரைந்து, அவருடைய வீட்டைப் பார்க்கத் தடியில் கவிழ்த்தேன்.

மறுநாள் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பானை வடிவாயிருக்கு. கன்றுகளுக்கு என்ன நடந்தது?"

"வெயில், அண்ணை."

அவர் படலையால் உள்ளே வந்து குந்தினார். சாதாளையில் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார்.

"இது எப்ப அள்ளினனீர்?"

"நாலைஞ்சு நாளைக்கு முந்தி."

"ஐயோ தம்பி, இது மழை காணேல்லையே! நான் ஐப்பசியிலை அள்ளிக் குவிச்சு, மாரி முழுக்க நனைய விட்டு, உப்புக் கழண்ட பிறகெல்லோ போடுறனான்."

அந்தக் குவியலை எனக்கு நன்றாகத் தெரியும். "கடலுக்குப் போறவையாலை வளவைத் துப்பரவா வைச்சிருக்க ஏலாது" என்று ஐந்து மாதமாக அதைக் காட்டி மனைவியிடம் நக்கலடித்தவனே நான்தான். அவர் சிரித்திருந்தால்கூட ஆறியிருக்கும். சிரிக்கவில்லை. என்னோடு நின்று அவ்வளவு சாதாளையையும் வாரி வெளியே போட்டார். அதற்கும் சேர்த்து எனக்கு எரிந்தது. இவ்வளவு காயும் காய்த்து, நல்ல மனமும் ஒருவருக்கே இருப்பது எந்த ஊர் நியாயம்?

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் நான் நட்டதில் ஒன்றும் தப்பவில்லை. கேள்விக்குறியும் சுருங்கிக் கால்புள்ளியாகி விழுந்தது.

வருஷப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகி, புதுச் சாரத்தோடு இலைக்கு முன் இருந்தேன். புடோலங்காய்ப் பாற்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, பயிற்றங்காய்ப் பிரட்டல். கோபத்தோடு சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு போடச் சொன்னதும் கோபத்தோடுதான். அவ்வளவு ருசி. ஒரு காயாவது கைத்திருக்கக் கூடாதா என்று தேடித் தேடித் தின்றேன். கடைசியில், மானத்தில் ஒரு துண்டாவது மிஞ்சுமா என்ற நப்பாசையில் மனைவியைக் கேட்டேன்.

"இஞ்சாரும், இந்த இலையிலை எங்கடை தோட்டத்துச் சாமான் ஒண்டுமே இல்லையோ?"

"கறிவேப்பிலை."