இரண்டு முறை படிக்கச் சொன்ன தலைவி

ஒருவர் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறீர்கள். அவர் திணறுகிறார். உடனே அவருக்கு மூளை இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறீர்களே, அந்த நீதிபதி வேலையை உங்களுக்கு யார் கொடுத்தது?

உத்திரமேரூரிலிருந்து காவாந்தண்டலம் போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். பெயர் வேண்டாம், எல்லா ஊரும் அதுதான். அங்கே காலனியில் பிறந்த அம்முலுவுக்கு இந்தத் தீர்ப்பு இரண்டாம் வகுப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் வாத்தியார். வழிமொழிந்தது ஊர்.

பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து பிழைக்கட்டும் என்று பள்ளிக்கு அனுப்பினார்கள். அம்முலுவுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும், பாட்டு பிடிக்கும், கணக்கை வாயால் கேட்டால் சொல்லிவிடுவாள். எழுத்துதான் அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை. கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இதைச் சரிசெய்துகொண்டு அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முந்தைய எழுத்து கைநழுவிப் போயிருக்கும்.

அவளும் ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் படிப்பதைக் காதில் வாங்கி, வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டு அப்படியே ஒப்பித்துவிடுவாள். வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். அம்முலு விரலை அழகாக நகர்த்தி, நேற்றைய பாடத்தையே கடைசிவரை சொல்லி முடித்தாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. புளியம் விளாறு பிய்ந்துபோகும்வரை அடி விழுந்தது.

அடியில் வராத படிப்பு மந்திரத்தில் வரும் என்று யாரோ சொன்னார்கள். பூசாரி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அவள் நாக்கு நுனியில் வைத்தார். எழுத்து கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் எங்கோ தடுக்குகிறது என்றால், நாக்கைச் சுடுவது எந்த மருத்துவத்தில் சேர்த்தி? கேட்க ஆள் இல்லை. அம்முலு கஞ்சி குடிக்க முடியாமல் அழுதாள். புண் ஆறியது, படிப்பு வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, வயல் தொடங்கியது.

1996இல் ஊராட்சித் தேர்தல் வந்தது. தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஊரில் பாதி நஞ்சை வைத்திருந்த பெருமாளுக்கு அது வயிற்றெரிச்சல். ஆனால் எரிச்சலை எப்படி லாபமாக்குவது என்று தெரிந்தவர் அவர். அம்முலுவின் கணவன் முனிரத்தினம் அவர் நிலத்தில்தான் வேலை செய்தான். அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உம் பொண்டாட்டிய நிக்க வையிடா முனிரத்தினம்."

"அவளுக்குப் படிக்க வராதே ஆண்டே."

"அதனாலதான் சொல்றேன். கையெழுத்து போட வரும் இல்ல? அது போதும்."

அம்முலு வென்றாள். பெருமாள் துணைத் தலைவர் ஆனார். பதவியேற்பு அன்று உறுதிமொழித் தாளை அவள் கையில் கொடுத்தார்கள். முதல் சொல்லிலேயே நின்றாள். வந்திருந்த அலுவலர் இரக்கப்பட்டு, "நான் சொல்லச் சொல்ல சொல்லுங்கம்மா" என்றார். அவள் தெளிவாகச் சொன்னாள். ஆனால் அதற்குள் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"ரப்பர் ஸ்டாம்புக்கு எதுக்குயா படிப்பு!" என்றார் பெருமாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத மேடை இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலையில் தேர்தல் நடத்தினோம் என்று மார் தட்டுவார்கள். அந்தக் கல்வெட்டில் போட்டியிடத் தகுதி என்ன என்று எழுதியிருப்பதை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவார்கள். வரி கட்டும் நிலம் வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அம்முலுவின் முப்பாட்டிகள் அந்தக் குடத்தின் பக்கம்கூடப் போயிருக்க முடியாது. சட்டம் வந்து நிலத்தையும் வேதத்தையும் தள்ளிவிட்டது. காலியான இடத்தில் வாசிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆளைத் தள்ளி வைக்க ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மூன்று ஆண்டு பெருமாள்தான் தலைவர். அலுவலக நாற்காலியில் அவர் உட்காருவார், அம்முலு பக்கத்தில் நிற்பாள். கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானங்களை அவர் ரயில் வேகத்தில் வாசிப்பார். யாராவது கைதூக்கினால், "எல்லாம் இதுல கீது, வேணும்னா வாங்கிப் படி" என்பார். வாங்கிப் படிக்க முடியாதவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அம்முலு எல்லாருக்கும் முன்னால் குனிவாள். காலனிக்குக் குடிநீர்க் குழாய் வரும் வரும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் காதில் விழும். வராது.

அவளுடைய மகள் தேவகி அப்போது நான்காம் வகுப்பு. ஒருநாள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். அம்முலு இழுத்துப் பார்த்தாள். விரல் முட்டிகள் வீங்கியிருந்தன.

"இன்னாடி ஆச்சு?"

"படிக்கல."

"ஏன் படிக்கல?"

"வர்ல."

அந்த ஒரு சொல்லை அம்முலுவுக்கு விளக்க வேண்டியதில்லை. முனிரத்தினம், "பூசாரிகிட்ட ஒரு தபா காட்டலாமா?" என்று இழுத்தான். அம்முலு திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் பீடி பற்ற வைக்க வெளியே போய்விட்டான்.

காஞ்சிபுரத்தில் ஒரு தொண்டு அமைப்பு, படிப்பில் திணறும் பிள்ளைகளைப் பரிசோதிக்க முகாம் நடத்துவதாக ஊராட்சிக்குச் செய்தி வந்திருந்தது. பெருமாள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்: "மக்குப் பசங்களுக்கு முகாமாம்!" வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாசித்த ஒன்று அம்முலுவுக்கு உதவியது. தேவகியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முகாமில் இருந்த இர்பானா, காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சென்னையில் உளவியல் படித்துவிட்டு வந்தவள். தேவகியை நிறைய நேரம் சோதித்தாள். படிக்கச் சொன்னாள், கதை கேட்டாள், படம் அடுக்கச் சொன்னாள். கடைசியில், "பாப்பா, படிக்கும்போது என்ன ஆகுது, சொல்லு" என்றாள்.

"ஒரு எழுத்தப் பாத்து அடுத்ததுக்குப் போறதுக்குள்ள மொதல்ல பாத்தது போய்டுது."

அம்முலு குறுக்கே வந்தாள். "அது எல்லாருக்கும் அப்டித்தானம்மா கீது?"

இர்பானா பேனாவைக் கீழே வைத்தாள். "எல்லாருக்குமா? உங்களுக்கு அப்படி ஆகுமா அக்கா?"

"ஆமா. எல்லாருக்கும் போய்டும். மத்தவங்க தெகிரியமா ஊகிச்சிச் சொல்லிடுவாங்கோ. எனக்குத் தெகிரியம் பத்தல. அதான் வெவகாரம்னு நெனச்சிக்கினு கீறேன்."

"இல்லக்கா. யாரும் ஊகிக்கல. அவங்களுக்கு எழுத்து அப்படியே நிக்கும்."

அம்முலு நம்பவில்லை. முப்பது வயதைத் தாண்டிய ஒருத்தி, உலகத்தில் எல்லாரும் தன்னைப் போலத்தான் தடுமாறுகிறார்கள், தான்தான் கோழை என்று இத்தனை காலம் எண்ணியிருந்தாள். இர்பானா அவளையும் சோதித்தாள். தாயும் மகளும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள்.

"இதுக்கு டிஸ்லெக்சியான்னு பேரு. நோய் இல்ல. புத்திக் குறைச்சலும் இல்ல. உங்க மூளை எழுத்தை வேற வழியில எடுத்துக்குது. பாப்பாவுக்கு வேற மாதிரி சொல்லிக் குடுத்தா வரும், கொஞ்சம் மெதுவா."

"எனக்கு?"

"கண்ணு வழியா வராதத காது வழியா வாங்குங்க. வெட்கப்படாம வாங்குங்க."

அம்முலு அழுவாள் என்று இர்பானா எதிர்பார்த்திருப்பாள். அவளுக்கு வந்தது கோபம். "அப்போ என் நாக்க எதுக்குச் சுட்டானுங்கோ?" என்று கேட்டாள். அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுத்து வராதவர்களுக்கு வேறு ஏதோ அதிசய சக்தி இருக்கும் என்று இப்போது ஒரு புதுக்கதை கிளம்பியிருக்கிறது. பழைய மூடநம்பிக்கைக்குச் சட்டை மாற்றிவிட்டிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. அம்முலுவுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. மற்றவர்களைப் போல நாற்று நடுவாள், குழம்பைத் தீய விடுவாள், சண்டை போடுவாள். மனிதராக மதிக்க மேதையாக இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

2000ஆம் ஆண்டு குடியரசு நாள். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே கிராம சபை கூடியது. பெருமாள் தீர்மானத் தாளோடு நாற்காலியை நோக்கி நடந்தார். அதில் அம்முலு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே இது? எழுந்திரு."

"தலைவர் நாற்காலி இது, துணைத் தலைவரே."

அவள் வாயிலிருந்து 'ஆண்டே' வராததைக் கூட்டம் முழுதும் கவனித்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த முனிரத்தினத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

அம்முலு எழுந்து நின்றாள். "எனக்கு எழுத்து படிக்க வராது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் சோம்பேறின்னும் மக்குன்னும் சொல்லிக்கினு இருந்தீங்கோ, நானும் நம்பிக்கினு இருந்தேன். அது இல்லியாம். என் மூளை வேற மாதிரி வேல செய்யுது. டாக்டருக்குப் படிச்ச மாதிரி ஒரு பொண்ணு சோதிச்சுச் சொல்லிச்சு. இனிமே இங்க எந்தத் தாளையும் ஒருத்தர் சத்தமா, நிறுத்திப் படிக்கணும். அத்தயே வேற ஒருத்தர் ரெண்டாந்தபா படிக்கணும். அப்பாலதான் கையெழுத்து."

"பொழுது சாஞ்சிடும்!" என்று ஒரு குரல்.

"சாயட்டும். உனுக்கு இன்னா, டில்லிக்கு பிளைட்டா புடிக்கணும்?" என்றான் காலனியைச் சேர்ந்த, லாரியில் லோடு ஏற்றும் ஞானதாஸ். கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை அம்முலுவைப் பார்த்து அல்ல.

பெருமாள் சிரிக்கவில்லை. "படிக்கத் தெரியாதுன்னு நீயே ஒத்துக்கினே. அப்போ எழுதிக் குடுத்துட்டு எறங்கு. தலைவர் படிக்கத் தெரிஞ்சவரா இருக்கணும்."

"சட்டத்துல அப்டி எங்க கீது?"

"கீது!"

"நீங்க படிச்சவரு. எடுத்துப் படிச்சிக் காட்டுங்க. ரெண்டு தபா."

அப்படி ஒரு சட்டம் இல்லை. கூட்டத்தை மேற்பார்க்க வந்திருந்த அலுவலரைப் பெருமாள் பார்த்தார். அலுவலர் கீழே பார்த்தார். பிறகு, "அப்படி எதுவும் இல்லீங்க" என்று முனகினார்.

பெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பிறகு ஞானதாஸ் தாளை வாங்கி, சர்ச்சில் வேதபாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தான். 'தேர்வு செய்யப்பட்ட தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய் நீட்டித்தல்' என்ற வரியை அவன் முடித்ததும், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுந்தார். நன்றாகப் படித்தவர், ஊர்த்தெருக்காரர்.

"எந்தெந்தத் தெரு? இத்தனை நாள் இந்த வரி என் காதுலயே விழலையே!"

பெருமாள் தாளைப் புரட்டினார். தெருக்களின் பெயர்கள் அதில் இல்லை. "அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்றார். "இப்பவே பண்ணுங்க" என்று கூட்டம் எழுந்தது. காலனியும் ஊர்த்தெருவும் ஒன்றாகச் சத்தம் போட்டதை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. தெருக்களின் பெயரை எழுதச் சொல்லி, அதையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அம்முலு கையெழுத்து போட்டாள். முதல் பெயர் காலனி.

மறுநாள் முனிரத்தினத்துக்குப் பெருமாளின் நிலத்தில் வேலை இல்லை.

"சந்தோசமா?" என்று கேட்டான் அவன், மண்வெட்டியை மூலையில் சாய்த்து வைத்து.

"பசிக்கும். ஆனா குனிய மாட்டேன்யா."

"பேஜாரு புடிச்சவ" என்று முணுமுணுத்தான். ராஜகுளம் பக்கம் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தான். வந்து போவது கஷ்டம்தான். ஆனால் அங்கே யாரையும் ஆண்டே என்று கூப்பிட வேண்டியதில்லை என்று அவனே பிறகு சொன்னான்.

அடுத்த தேர்தலில் அம்முலு தோற்றாள். 'படிக்கத் தெரியாதவருக்கா உங்கள் ஓட்டு?' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். பெருமாள் இன்னொரு பெண்ணை நிறுத்தி வெல்ல வைத்தார். அந்தப் பெண் கடகடவென்று வாசிப்பாள். முதல் கிராம சபையில் அவள் வாசித்து முடித்ததும், தரையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்முலு கையைத் தூக்கினாள்.

"இன்னொரு தபா படிக்கச் சொல்லுங்க தலைவரே. புரியல."

பெருமாள் வாயைத் திறப்பதற்குள், "ஆமா, படிங்க" என்றது கூட்டம். புதுத் தலைவி தாளை ஞானதாஸிடம் நீட்டினாள். அன்றிலிருந்து அந்த ஊரில் அது வழக்கம். தேவகி எழுத்தைத் தடவித் தடவிப் பிடித்து, பத்தாம் வகுப்புத் தேர்வைத் தான் சொல்லச் சொல்ல எழுதும் ஆளை வைத்து எழுதினாள். அந்த உரிமையைக் கேட்டு மனுவோடு பள்ளி, கல்வி அலுவலகம் என்று ஏறி இறங்கியவள் அம்முலு. மனுவை எழுதியது வேறொருவர். கொடுக்கும்போது அலுவலரையும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு, பாவம் என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, வாயால் எல்லாம் சொல்லும், புத்தகத்தைத் திறந்தால் ஊமையாகும். அந்தப் பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியும். இந்த வாரமே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். பரிசோதிக்கத் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள், கூடுதல் நேரமும் எழுத ஆளும் கேட்டு மனு எழுதிக் கொடுங்கள். கொடுக்க மாட்டேன் என்று ஒரு பள்ளி சொன்னால், பெற்றோரைத் தனியாக விடாதீர்கள். அவர்களோடு போய் அந்த அறையில் நில்லுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.